மணலும் கால்வாயும்: தார்ப்பார்க்கர் மாவட்டத்தின் நிருவாக வரலாறு

பேரரசுகள், மாகாணங்கள், தலைநகரங்கள் ஆகியன வரலாற்று நூல்களில் இடம்பெறும் அளவுக்கு மாவட்டம் என்னும் அலகு இடம்பெறுவதில்லை. அது எழுதுவினைஞரின் உலகுக்குரிய ஒன்றாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், தென்னாசியாவின் நாட்டுப்புற மக்களுள் மிகப் பலர் அரசு என்ற ஒன்றை நேரிற் கண்டது மாவட்டக் கச்சேரியின் வாயிலிலேயாம். வரி விதிக்கப்பட்டதும், காணி அளக்கப்பட்டதும், பஞ்சகாலத்திற் தானியம் வழங்கப்பட்டதும் மறுக்கப்பட்டதும் அங்கேதான். ஆதலின், ஒரு மாவட்டத்தின் எல்லை எவ்வாறு வரையப்பட்டது, அதன் தலைமையகம் எங்கு வைக்கப்பட்டது, அங்கு எது அளக்கப்பட்டது, எது அளக்கப்படாது விடப்பட்டது என்னும் வினாக்கள் அம்மக்களின் வாழ்வைப் பற்றிய வினாக்களே ஆகும். சிந்து மாகாணத்தின் தென்கிழக்கு மூலையிலே அமைந்துள்ள தார்ப்பார்க்கர் மாவட்டம் இவ்வகை ஆய்வுக்கு மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

இன்று இம்மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 19,600 சதுர கிலோமீற்றர். கிழக்கே இராஜஸ்தான், தெற்கே கட்ச் பெருஞ்சதுப்பான ரண் என்பன இதன் எல்லைகள். தலைமையகம் மித்தி நகர். ஆனால் பிரித்தானியர் ‘தாரும் பார்க்கரும்’ என்று பெயரிட்டு அமைத்த மாவட்டம் இதனினும் மிகப் பெரியது. மூன்று வேறுபட்ட நிலங்கள் அதில் அடங்கியிருந்தன. மேற்கே நாரா ஆற்றின் மருங்கில் ‘பட்’ எனப்படும் வண்டற் சமவெளி. கிழக்கே அலையலையாக எழுந்து படியும் மணற்குன்றுகளைக் கொண்ட தார். தென்கிழக்குக் கோடியில், கரூஞ்சர் என்னும் கருங்கல் மலையைச் சூழ்ந்த பார்க்கர். கரூஞ்சர் சுமார் ஆயிரம் அடி உயரமுடைய சிறு மலையே. எனினும் சுற்றிலும் மணலும் உவர்நிலமுமாய்க் கிடக்கும் வெளியில் அது தனித்து நிற்பதால், அப்பகுதி மக்களின் வழிபாட்டிலும் கதைகளிலும் அதற்குரிய இடம் பெரிது. மலையடிவாரத்தைச் சூழச் சமணக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. பதினான்காம் நூற்றாண்டினதெனக் கொள்ளப்படும் கோரிக் கோயிலும், போதேசரில் வெண்சலவைக் கல்லாற் கட்டப்பட்ட பள்ளிவாசலும், ரண் வழியாகக் குசராத்துடன் இந்நிலம் கொண்டிருந்த வாணிபத் தொடர்பினை நினைவூட்டுவன.

தார் பாலைவனம் எனப்படினும் முற்றிலும் வெறுமையான நிலமன்று. உலகின் பாலைகளுள் மக்கள் மிக நெருங்கி வாழ்வனவற்றுள் இஃது ஒன்று. ஆற்றுப் பாசனம் இங்கு எட்டுவதில்லை. யூலை முதல் செத்தெம்பர் வரையிலான பருவமழையே பயிருக்கும் கால்நடைக்கும் ஆதாரம். மழை பெய்தால் கம்பும் கொத்தவரையும் விளையும்; ஆடு மாடு ஒட்டகங்களுக்குப் புல் முளைக்கும். மழை பொய்த்தால் மனிதர் இடம்பெயர்வர். “மழை பெய்தால் தார், இல்லையேல் வெறுவெளி” என்ற பொருளில் அமைந்த ஒரு பழமொழி சிந்தியிலே வழங்குகின்றது. ‘தார்’, ‘பர்’ என்னும் இரு சொற்களின் இயைபில் அமைந்த அப்பழமொழி எந்தப் புவியியல் நூலினும் சுருக்கமாக இந்நிலத்தை விளக்கிவிடுகின்றது. குடிநீர் ஆழ்கிணறுகளிலிருந்து பெறப்படுவது. தோலினாற் செய்த சாலைக் கயிற்றிற் கட்டி, ஒட்டகத்தையோ கழுதைகளையோ கொண்டு நெடுந்தொலைவு இழுத்து நீர் இறைப்பர். கயிற்றின் நீளமே கிணற்றின் ஆழமாகையால், இழுக்கும் விலங்கு நடந்து நடந்து மணலிற் பதித்த தடம் ஒவ்வொரு கிணற்றடியிலும் காணப்படும். அவ்வாறு இறைக்கும் நீரும் பல கிணறுகளில் உவர் நீரே.

இத்தகைய நிலத்தை ஆள்வது எவ்வாறு என்பது பிரித்தானியருக்கு முன்னரே எழுந்த பிரச்சினையாகும். மணலும் சமவெளியும் சந்திக்கும் விளிம்பிலே உமர்க்கோட் என்னும் கோட்டை நகர் அமைந்தது இதன் விளைவே. அக்கோட்டையை உடையோர் பாலையினின்று வருவோரிடம் சுங்கம் பெறலாம். சமவெளியைக் கொள்ளையினின்று காக்கலாம். ஆனால் மணலுக்குள் அவர்தம் ஆணை எவ்வளவு தூரம் சென்றது என்பது ஐயத்திற்குரியது. சேர் சாவின் துரத்தலுக்குத் தப்பிப் பாலையைக் கடந்து வந்த ஹுமாயூனுக்கு உமர்க்கோட்டின் சோதா இராசபுத்திரத் தலைவன் ராணா பிரசாத் அடைக்கலம் கொடுத்ததும், 1542 ஒக்டோபரில் அங்கே அக்பர் பிறந்ததும் யாவரும் அறிந்தவை. முகலாய வரலாற்றாசிரியர் உமர்க்கோட்டை நினைவுகூர்வது இந்த ஒரு பிறப்பின் பொருட்டே.

அந்நாட்டு மக்கள் உமர்க்கோட்டை நினைவுகூர்வதோ வேறொரு காரணத்தால். உமர் என்னும் சும்ரா அரசன் மாருயி என்னும் இடைக்குலப் பெண்ணைக் கவர்ந்து சென்று அக்கோட்டையிலே சிறைவைத்தான். பட்டும் பொன்னும் அவளை மயக்கவில்லை. தன் பழைய கம்பளியைக் களைய மறுத்து, தன் ஊர்க் கிணற்றையும் மழைக்குப் பின் முளைக்கும் புல்லையும் தன் சுற்றத்தையும் நினைந்து உருகினாள். இறுதியில் அரசன் அவளை விடுவித்தான். 1752இல் மறைந்த பெருங்கவிஞர் ஷா அப்துல் லத்தீப் தமது ‘ரிசாலோ’வில் இக்கதைக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். அப்பகுதி சிந்தி மக்களின் நாட்டுப்பற்றுக்கும் ஆன்மிகத் தாகத்துக்கும் உருவகமாக நிலைபெற்றது. வரலாற்று மாணவனுக்கு இக்கதை இன்னொன்றையும் உணர்த்தும். கோட்டை ஒன்று, மணல் மற்றொன்று. இரண்டுக்குமிடையே உள்ள உறவு பறிப்போருக்கும் பறிகொடுப்போருக்கும் இடையிலான உறவு என்ற நினைவு இந்நிலத்தில் மிகப் பழையது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமர்க்கோட் சோத்பூர் அரசரின் கைக்குப் போயிற்று. 1813இல் சிந்துவை ஆண்ட தால்பூர் மீர்கள் அதனை மீட்டனர். 1843 பெப்புருவரி 17இல் மியானியிலும் மார்ச் 24இல் துப்போவிலும் நிகழ்ந்த போர்களில் மீர்களை முறியடித்து, சாள்ஸ் நேப்பியர் சிந்துவைக் கைப்பற்றிய பின்னர், கோட்டை பிரித்தானியருக்குரியதாயிற்று. சோத்பூர் தன் பழைய உரிமையைக் கோரியது. கோட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதிலாக, சோத்பூர் செலுத்தவேண்டிய திறையில் ஆண்டுக்கு 10,000 ரூபா குறைக்கப்பட்டது. அக்பர் பிறந்த கோட்டைக்குக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட விலை அதுவே!

வெற்றியின் பின் எழுந்த கேள்வி மணலை யாரிடம் ஒப்படைப்பது என்பதாகும். 1844இல் மித்தி, டிப்லோ, இஸ்லாம்கோட், பார்க்கர் முதலிய பகுதிகள் கட்ச் அரசியல் முகவரின் பொறுப்பில் விடப்பட்டன. உமர்க்கோட்டும் நாரா ஆற்றோரப் பகுதிகளும் ஹைதராபாத் கலெக்டரின் கீழ் வந்தன. அதாவது, ஒரே மணற்பரப்பு இருவேறு கச்சேரிகளுக்குக் கீழே பிரிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1856இல், கட்ச்சின் கீழிருந்த பகுதிகளும் சிந்துவுடன் இணைக்கப்பட்டன. இவ்வாறு உருவான பிரிவு நெடுங்காலம் சாதாரணக் கலெக்டரேற்றாகக் கருதப்படவில்லை. அரசியல் மேற்பார்வையாளர் ஒருவர் உமர்க்கோட்டிலிருந்து அதனை நிருவகித்தார். தலைவர்களுடன் பேரம்பேசி ஆளவேண்டிய எல்லைப்புறம் என்றே ஆட்சியாளர் அதனை எண்ணினர் என்பதற்கு அப்பதவிப் பெயரே சான்று.

அவ்வாறு எண்ணியதற்குக் காரணமும் இருந்தது. சோதாத் தலைவர் தம் நிலத்தைக் கடப்போரிடமும் ஊராரிடமும் வழிவழியாகப் பெற்றுவந்த வரிகளைப் புதிய அரசு நிறுத்தியது. 1846இல் அவர்கள் ஆயுதமெடுத்தனர். விசாரணையின் பின் அவர்தம் குறைகளுட் சில தீர்க்கப்பட்டன. 1859இல் பார்க்கர்ப் பகுதியில் மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. ஹைதராபாத்திலிருந்து சென்ற படை அதனை அடக்கியது. நகர்ப்பார்க்கரின் ராணாவுக்கு 14 ஆண்டுகளும் அவனுடைய அமைச்சனுக்கு 10 ஆண்டுகளும் நாடுகடத்தற் தண்டனை 1868இல் விதிக்கப்பட்டது. அரச ஆவணங்கள் ராணாவைப் பற்றியே பேசுகின்றன. மக்களின் நினைவிலோ, அக்கிளர்ச்சியின் வீரன் தூக்கிலிடப்பட்ட ரூப்லோ கோலி என்பவன். கோலிகள் சாதியமைப்பின் அடித்தளத்தில் வைக்கப்பட்டோர். ஆவணத்தின் நாயகன் ஒருவனாகவும் பாடலின் நாயகன் வேறொருவனாகவும் இருப்பது காலனித்துவ வரலாற்றிற் புதிதன்று. எனினும் இங்கே அவ்வேறுபாடு சாதியின் வழியே பிளந்து நிற்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

மாவட்டத்தின் போக்கினை முற்றாக மாற்றியது நீர்ப்பாசனமாகும். கிழக்கு நாரா பழையதோர் ஆற்றுப்படுகை; சிந்து நதி பெருகிய ஆண்டுகளில் மட்டும் அதில் வெள்ளம் ஓடும். உரோகிரிக்கு அருகே நதியிலிருந்து கால் வெட்டி அப்படுகைக்கு நீர் விடும் வேலை 1859இல் நிறைவேறியது. அதன்பின் நாராவிலிருந்து கிளைக் கால்வாய்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவற்றுள் முதன்மையானது 1899இல் திறக்கப்பட்ட ஜம்ராவ் கால்வாய். அதற்கு முன் புதரும் வெட்டவெளியுமாய்க் கிடந்த பெருநிலம் பயிர்நிலமாயிற்று. பஞ்சாபிலிருந்து குடியேற்றக்காரர் வரவழைக்கப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டனர். பருத்தியும் கோதுமையும் விளைந்தன. ஹைதராபாத்திலிருந்து கிழக்கு நோக்கிய புகையிரதப் பாதை சோத்பூர்ப் பாதையுடன் இணைந்து, பாலையின் வடபகுதியைக் குறுக்கறுத்துச் சென்றது. 1932இல் சக்கர் அணைக்கட்டுத் திறக்கப்பட்டதும் நாரா ஆண்டு முழுவதும் ஓடும் கால்வாயாயிற்று.

கால்வாய் வந்த இடத்துக்கு அளவைச் சங்கிலியும் வந்தது. நீர்வரி விதிக்க வேண்டுமாயின் ஒவ்வொரு வயலுக்கும் எண் வேண்டும். எண்ணுக்குரியவனின் பெயர் வேண்டும். ‘தேஹ்’ எனப்படும் வருவாய்க் கிராமங்கள் வகுக்கப்பட்டன. தப்பேதார் என்னும் கீழ்நிலை உத்தியோகத்தன் பயிரைப் பார்த்து ஏட்டிற் பதிந்தான். அவனுக்கு மேல் தாலுகாவின் முக்தியார்க்கார். அவருக்கு மேல் கலெக்டர். இவ்வேணியின் வழியே அரசுக்கு வருவாய் ஏறியது. குடியானவனுக்கு உரிமைப் பத்திரம் இறங்கியது. தாரின் நிலை இதற்கு மாறானது. மழையை நம்பிய நிலத்திலே ஓராண்டு விளைந்த வயல் மறு ஆண்டு தரிசு. அதனை வயல்வயலாக அளந்து பெறும் வரி அளக்கும் செலவுக்கும் போதாது. ஆகவே மணலின் பெரும்பகுதி அரச நிலமாகவே விடப்பட்டது. அதன் ஒரு கூறு ‘கவுச்சர்’ எனப்படும் பொது மேய்ச்சல் நிலம். பயிரிட விரும்பியோருக்கு ‘யக்சாலா’, அதாவது ஓராண்டு, உத்தரவின் பேரில் நிலம் கொடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தை உழுதவன் பலன் பெற்றான், உறுதி பெறவில்லை. அளவைக்குச் செலவு கட்டாது என்ற ஒரு கணக்கு எத்துணைக் காலத்துக்குப் பின் எத்தகைய விளைவைத் தரும் என்பதை அன்று எவரும் எண்ணியிரார்.

1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 3.6 இலட்சம். அதன் எடை மேற்கு நோக்கிச் சரியத் தொடங்கியிருந்தது. 1906இல் மாவட்டத் தலைமையகம் உமர்க்கோட்டிலிருந்து மீர்ப்பூர்க்காசுக்கு மாற்றப்பட்டது. மீர்ப்பூர்க்காஸ் புகையிரதப் பாதையிலும் கால்வாய் நிலத்திலும் அமைந்த நகர்; 1806இல் தால்பூர்களால் நிறுவப்பட்டது. நிருவாக நோக்கில் இம்மாற்றம் முற்றிலும் பொருத்தமானதே. வருவாய் எங்கே உண்டோ அங்கே கச்சேரி இருப்பது இயல்பு. ஆனால் நகர்ப்பார்க்கரில் வாழும் ஒருவனுக்கு, தன் வழக்கையோ மனுவையோ கொண்டு ஒட்டகத்தின் மேல் செல்ல வேண்டிய தொலைவு மேலும் பல நாள் நடையாயிற்று. மாவட்டத்தின் பெயர் தாரையும் பார்க்கரையும் தாங்கியிருந்தது; மாவட்டத்தின் உயிர்நிலை இரண்டிலும் இல்லாத இடத்துக்குப் பெயர்ந்துவிட்டது.

மணலையும் கால்வாயையும் இணைத்து வைத்தது கச்சேரியை விடப் பசியே எனலாம். மழை பொய்த்த ஆண்டில் தார் மக்கள் தம் கால்நடையுடன் கால்வாய் நிலங்களுக்கு இறங்கினர். கோதுமை அறுவடையிலும் பருத்தி எடுப்பதிலும் கூலிகளாயினர். மழை பெய்த செய்தி கேட்டதும் ஊர் திரும்பினர். இவ்வருடாந்தப் பெயர்ச்சி இன்றும் தொடர்கின்றது. கோலி, பீல், மேக்வார் ஆகிய சாதியினர் பலர், பெற்ற முற்பணத்தைத் தீர்க்கவியலாது நிலக்கிழாரிடம் கொத்தடிமைகளாகக் கட்டுண்ட வரலாறு இப்பெயர்ச்சியின் இருண்ட பக்கமாகும். நகர்ப்பார்க்கரைச் சேர்ந்த கிருஷ்ண குமாரி கோலி 2018இல் பாக்கிஸ்தான் மேற்சபைக்குத் தெரிவானபோது, தாம் சிறுமியாயிருந்த காலத்திற் பெற்றோருடன் அவ்வாறு கட்டுண்டிருந்ததை எடுத்துக் கூறினார். அவர் தெரிவாகியது தனியொருவரின் வெற்றி மாத்திரமன்று. கால்வாய் நிலத்தின் செழிப்பிலே பாலையின் உழைப்புக்கு உள்ள பங்கு பாராளுமன்ற ஏட்டில் ஏறிய தருணமுமாகும்.

1936இல் சிந்து பம்பாயிலிருந்து பிரிந்து தனி மாகாணமாயிற்று. 1940களின் தொடக்கத்தில் நாராவோரச் சாங்கர்ப் பகுதியில் ஹூர்களின் கிளர்ச்சியும் இராணுவச் சட்டமும் மாவட்டத்தின் வடமேற்கைக் கலக்கின. 1953இல் சாங்கர் தனி மாவட்டமாகப் பிரிந்து சென்றது. இவை தனியே ஆராயற்பாலன. ஈண்டு முக்கியமானது 1947 ஆகும். பஞ்சாபும் வங்காளமும் பிளக்கப்பட்டன, சிந்து பிளக்கப்படவில்லை. ஆகையால், இந்துக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்த தார்ப்பார்க்கர் முழுமையாகப் பாக்கிஸ்தானிற் சேர்ந்தது. சிந்துவின் நகரங்களிலிருந்து இந்துக்கள் பெரும்பாலும் வெளியேறியபோதும் தாரிலே பலர் தங்கினர். இன்றும் அம்மாவட்டத்தில் ஐவரில் இருவருக்கு மேல் இந்துக்கள். முன்பு மாவட்ட எல்லையாயும் சமஸ்தான எல்லையாயும் இருந்த கோடு சர்வதேச எல்லையாயிற்று. சோதாக்கள் தம் குலத்துக்குள் மணம் செய்வதில்லை. பெண் கொள்வதும் கொடுப்பதும் இராஜஸ்தானிலும் கட்ச்சிலும் உள்ள வேறு இராசபுத்திரக் குலங்களுடனேயாம். ஒரு திருமணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டிய நிலை இவர்க்கு ஏற்பட்டது. கோக்ராப்பார் வழியாக ஓடிய புகையிரதம் 1965 போருடன் நின்றது. 2006இல் மீண்டும் ஓடியது. 2019இல் மறுபடி நிறுத்தப்பட்டது.

1965 ஏப்பிரிலில் கட்ச் ரண் பகுதியில் இந்தியப் பாக்கிஸ்தானியப் படைகள் மோதின. அவ்வாண்டு யூன் 30ஆம் நாள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இப்பிணக்கு மூவர் கொண்ட நடுத்தீர்ப்பு மன்றத்திடம் விடப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த குன்னார் லாகர்கிரென் தலைவர். ஈரானைச் சேர்ந்த நஸ்ரொல்லா என்தெசாம், யூகோசிலாவியாவைச் சேர்ந்த அலெஸ் பெப்லர் ஆகியோர் ஏனைய இருவர். சிந்துவுக்கும் கட்ச்சுக்கும் இடையிலான எல்லையின் மேற்குப் பகுதி மட்டுமே 1914இல் பம்பாய் அரசின் தீர்மானத்தாற் தெளிவாக்கப்பட்டிருந்தது. எஞ்சிய நெடுந்தொலைவு தெளிவற்றே கிடந்தது. மழைக்காலத்தில் நீரும் கோடையில் உப்புமாகும் வெளியிலே எல்லைக்கல் நாட்ட எவருக்கும் தேவை ஏற்படவில்லை. ஏறக்குறைய 3,500 சதுர மைல் பரப்பைப் பாக்கிஸ்தான் தனதெனக் கோரியது.

மன்றத்தின் முன் வைக்கப்பட்ட சான்றுகளின் தன்மையே இங்கு நோக்கற்பாலது. அளவைப் படங்களும் அரசாங்கக் கடிதங்களும் ஒருபுறமிருக்க, மாவட்டக் கச்சேரிகளின் அன்றாட ஏடுகளும் ஜெனீவா வரை சென்றன. எந்தப் பொலிஸ் நிலையத்தார் ரண்ணிற் காவல் சுற்றினர், குற்றம் நிகழ்ந்தபோது யார் விசாரித்தனர், மேய்ச்சலுக்கு யார் வரி கேட்டனர் என்பன போன்ற விடயங்கள் நாட்டின் இறைமைக்குச் சான்றுகளாயின. தாரா பன்னி, சாட் பெட் என்னும் புல்வளர் மேட்டுநிலங்களிலே சிந்துக் கரையோரக் கிராமத்தாரின் மந்தைகள் நெடுங்காலம் மேய்ந்து வந்தமை அங்கு விரிவாக ஆராயப்பட்டது. 1968 பெப்புருவரி 19ஆம் நாள் வெளியான தீர்ப்பு, கோரப்பட்ட பரப்பில் சுமார் பத்திலொரு பங்கைப் பாக்கிஸ்தானுக்கு அளித்தது. அதில் இம்மேட்டுநிலங்கள் அடங்கின. நகர்ப்பார்க்கரின் இருமருங்கிலும் நிலத்துள் நுழையும் இரு உவர்க்குடாக்களும் பாக்கிஸ்தானுக்கே கொடுக்கப்பட்டன. பாக்கிஸ்தான் நிலத்தாற் சூழப்பட்ட அவற்றை வேற்றுநாட்டுக்கு உரியவையாக்குவது நியாயமாகாது, உரசலுக்கும் இடமாகும் என்பது தலைவர் கூறிய காரணம். பெப்லர் இத்தீர்ப்புக்கு உடன்படவில்லை. பெயரறியா இடையர் மாடு மேய்த்த செயல் ஓர் அரசின் எல்லையை முன்னே நகர்த்தியது என்பதை இத்தீர்ப்பிலிருந்து வாசகர் மனங்கொள்ளல் வேண்டும்.

எல்லை தீர்ந்து நான்காண்டு நிறையுமுன் போர் மீண்டும் வந்தது. 1971 திசெம்பரில் இந்தியப் படையினர் சாச்ரோவைத் திடீர்த் தாக்குதலாற் கைப்பற்றினர், நகர்ப்பார்க்கரும் வீழ்ந்தது. 1972 யூலை 2ஆம் நாட் சிம்லா உடன்பாட்டின் பின் இப்பகுதிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. நிலம் திரும்பியது, மனிதர் அனைவரும் திரும்பவில்லை. பல்லாயிரக்கணக்கான இந்துக்கள் எல்லை கடந்து பார்மேர் முதலிய இடங்களிற் தங்கிவிட்டனர். பாக்கிஸ்தானின் மத்திய அமைச்சராயிருந்த லட்சுமண் சிங் சோதாவும் அவர்களுள் ஒருவர். விடப்பட்ட நிலங்கள், வீடுகள், கிணறுகள் பிறர் கைக்கு மாறின. உரிமைப் பத்திரமற்ற நிலத்தை விட்டுச் சென்றவனுக்கு எந்த நாட்டிலும் ஈடுகேட்க வழி இருப்பதில்லை.

1990இல் பழைய மாவட்டம் இரண்டாக்கப்பட்டது. மீர்ப்பூர்க்காசும் அதைச் சூழ்ந்த கால்வாய் நிலங்களும் ஒரு மாவட்டம். எஞ்சியது மித்தியைத் தலைமையகமாகக் கொண்ட மற்றொன்று. 1993இல் உமர்க்கோட்டும் தனி மாவட்டமாயிற்று. கச்சேரி மக்களுக்கு அண்மையில் வந்தது நன்மையே என்பதில் ஐயமில்லை. முன்பு மீர்ப்பூர்க்காசில் முடிந்த வேலைகள் மித்தியில் முடியலாயின, பாதைகள் போடப்பட்டன, பள்ளிகளும் மருத்துவமனையும் ஓரளவு பெருகின. ஆனால் இப்பிரிவினையின் கணக்கை மறுபுறத்திலிருந்தும் பார்த்தல் தகும். ஒரு நூற்றாண்டுக்காலம் தாரின் கூலியுழைப்பாற் பயன்பெற்ற பாசன நிலம், வருவாய், புகையிரதப் பாதை, பழைய கோட்டை ஆகிய யாவும் அடுத்த மாவட்டங்களுக்குச் சென்றன. ‘தார்ப்பார்க்கர்’ என்ற பெயர் மட்டும் மணலுடன் தங்கிற்று. 1998இல் 9 இலட்சத்துக்குச் சற்று அதிகமாயிருந்த இதன் மக்கள்தொகை 2017இல் 16 இலட்சத்தைக் கடந்தது. மழையோ பெருகவில்லை.

வறட்சிக் காலத்தில் அரசு இம்மாவட்டத்தை அணுகும் முறையிலும் பழைய வருவாய்க் கச்சேரியின் சிந்தனையே தொடர்கின்றது. ஓகஸ்ட் 15ஆம் நாளுக்குள் போதிய மழை பெய்யாவிடின் வறட்சிப் பிரதேசமெனப் பிரகடனம் செய்வதும், கோதுமை வழங்குவதும் வழக்கமாய் வந்துள்ளன. நாட்காட்டியைக் கொண்டு பஞ்சத்தைத் தீர்மானிப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு, குறையும் உண்டு. ஒருமுறை பெய்து பின் மாதக்கணக்கில் மறையும் மழையை இவ்விதி பிடிப்பதில்லை. கால்நடை மடியும் நோய்களையும், கருவுற்ற பெண்களின் ஊட்டக்குறைவையும் இவ்விதி அளப்பதில்லை. 2014இன் தொடக்கத்தில் மித்தி மருத்துவமனையிற் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாடெங்கும் பரவியபோது, வழங்கவேண்டிய கோதுமை வழங்கப்படாது களஞ்சியத்திற் கிடந்தமை பற்றி எழுந்த கண்டனம் சிறிதன்று. 2015இல் மித்தியில் சூரிய சக்தியால் இயங்கும் பெரியதொரு நீர்சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அது நெருக்கடிக்குப் பின் வந்த பதில்களுள் ஒன்று.

குடிநீர் தேடித் தாரிலே ஆழத் துளையிட்டபோதுதான் நிலக்கரியின் அடையாளம் முதலில் தென்பட்டது என்பது இம்மாவட்ட வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். 1990களின் தொடக்கத்தில் பாக்கிஸ்தான் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தினர் மேற்கொண்ட ஆய்வுகள் சுமார் 9,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் 17,500 கோடி தொன் பழுப்பு நிலக்கரி புதைந்திருப்பதாகக் கணித்தன. மணலுக்கடியில் நூறு மீற்றருக்கும் அதிகமான ஆழத்திலே கிடக்கும் இதனைத் திறந்த குழியாகவே தோண்ட வேண்டும். இஸ்லாம்கோட்டுக்கு அண்மையில் அவ்வாறு தோண்டிய நிலக்கரியைக் கொண்டு 660 மெகாவாற் மின் நிலையமொன்று 2019 யூலையில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. பாதைகளும் விமானத்தளமும் வந்தன. பாரவண்டிகளை ஓட்டும் வேலையில் தார்ப் பெண்கள் சிலரும் பயிற்றப்பட்டனர். குழியில் ஊறும் உவர்நீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கொரானோ கிராமத்தருகே அதற்கென நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, தம் கிணறுகளும் மேய்ச்சல் நிலமும் கெடும் என 2016 முதல் அவ்வூரார் நீண்டகாலம் அமர்ந்திருந்து எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இங்கேதான் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய அந்த அளவைக் கணக்கு திரும்பி வருகின்றது. காணி சுவீகரிப்பு 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைபெற்றது. அச்சட்டம் உரித்தாளனுக்கு ஈடு கொடுக்கச் சொல்லும். ஏட்டில் உரித்தாளன் யார்? கால்வாய்க் கரையிலாயின் தப்பேதாரின் பதிவேட்டைத் திறந்து விடை கூறிவிடலாம். மணலிலே, தனியார் பெயரிற் பதிந்த சிறு பங்குக்கு ஈடு கிடைத்தது. ஓராண்டு உத்தரவின் பேரிற் பாட்டன் காலந்தொட்டு உழப்பட்ட வயல் அரசினுடையது. ஊர் முழுவதன் மந்தையும் மேய்ந்த கவுச்சரும் அரசினுடையது. அவற்றை இழந்தோருக்கு என்ன கொடுபட வேண்டுமென்பது சட்டத்தில் தெளிவாகச் சொல்லப்படாத விடயமாய், பேச்சுவார்த்தைக்கும் மனுவுக்கும் போராட்டத்துக்கும் விடப்பட்டது. செனரி தர்ஸ் போன்ற கிராமங்களைச் சேர்ந்தோருக்குப் புதிய இடத்திற் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மேய்ச்சல் நிலத்தை அவ்வாறு கட்டிக் கொடுத்தல் இயலாது. சாட் பெட்டிலே மாடு மேய்த்தமை ஜெனீவாவில் ஓர் அரசின் உரிமைக்குச் சான்றாக ஏற்கப்பட்டது. அதே மேய்ச்சல், இஸ்லாம்கோட்டைச் சூழ்ந்த ஊர்களில், மேய்த்தவனின் உரிமைக்குச் சான்றாக முக்தியார்க்காரின் ஏட்டில் இடம்பெறவில்லை. தார் நிலங்களை முறைப்படி அளந்து, பயிரிடுவோருக்கு நிலையான உறுதியும் ஊர்களுக்கு மேய்ச்சல் உரிமையும் வழங்க வேண்டுமென்ற கோரிக்கை, சுரங்கம் விரிய விரிய, மித்திக் கச்சேரியின் முன் மீண்டும் மீண்டும் வைக்கப்பட்டு வந்துள்ளது.